கூடத்தில் இரண்டு கட்டில்

ஈகிள் பாஸ், டெக்சஸ்
பிப்ரவரி 3, 2014

நியெவெஸுக்கு,

அம்பாரோ எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உன்னோடு இனிப் பேசுவதில்லை என்று அம்மாவின் அடக்கத்தன்று சொன்னது சொன்னதுதான். அதில் மாற்றம் இல்லை. இது பேச்சு அல்ல, எழுத்து.

இங்கே எல்லோரும் நலம். உன் மாமா ஃபிதென்சியோ லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். முழங்கால் வலி. நாள் முழுக்க டிவி முன்னால் இருக்கிறார். மதியச் சாப்பாடு கொஞ்சம் தாமதமானாலும் வீடு தாங்காது. மகன் எலியாஸும் மருமகள் யெசேனியாவும் அடுத்த தெருவில்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோருக்கும் இங்கேதான் சாப்பாடு. அந்தப் பெண் இன்னும் கடையில் வாங்கிய தொர்த்தியா ரொட்டியைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. பேத்தி இட்செலுக்கு மே மாதம் புதுநன்மை, கோவிலில் முதல்முறை நற்கருணை வாங்கப் போகிறாள். வெள்ளை உடுப்பு நான்தான் தைக்கிறேன்.

எழுத வந்த விஷயம் வேறு. பக்கத்து வீட்டு தெல்ஃபினா அம்மாளுக்கு மாதவிடாய் நின்று ஏழெட்டு வருஷம் இருக்கும். இப்போது மறுபடியும் உதிரம் படுகிறதாம். முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு கொஞ்சம் அதிகமாக. அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கிற வலியும் இருக்கிறதாம். நீ பெரிய ஊரில் இருக்கிறாய், நாலு பெண்களோடு பழகுகிறாய். இது சகஜம்தானா என்று கேட்டுச் சொல். அவளுக்குக் கேட்க வேறு யாரும் இல்லை.

அம்பாரோ


மில்வாக்கி
பிப்ரவரி 9, 2014

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கிழிக்கவில்லை.

தெல்ஃபினா அம்மாள் வீட்டை விற்றுவிட்டு மகளோடு ஹூஸ்டன் போய்விட்டாள் என்று போன கிறிஸ்துமஸுக்கே யெசேனியா சொன்னாளே! ஆமாம், உன் மருமகள் எனக்குப் பண்டிகைக்குப் போன் செய்வாள். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆகவே அந்தப் பக்கத்து வீட்டுக்காரி யார் என்று எனக்குத் தெரியும். அவளிடம் போய்ச் சொல்: இது சகஜம் இல்லை. நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அடுத்த மாதம் அல்ல, இந்த வாரமே.

அக்கா, சண்டையை நான் கிளறவில்லை. நீயாகவே அடக்கத்தைப் பற்றி எழுதியதால் சொல்கிறேன். அன்று கோவில் கூடத்தில் நீ எழுந்து, "எங்க அம்மா ஒருநாள்கூட முனகினதில்ல"ன்னு சொன்னாய். அத்தனை பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு, அதன் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு, அப்பாவுக்கு மாவு பிசைந்தவள் அவள். "முனகியிருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பா"ன்னு நான் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். "புருஷனை விட்டுட்டு ஓடினவளுக்கு அம்மாவைப் பத்திப் பேச வாய் இருக்கா"ன்னு நீ கேட்டாய். அது போகட்டும்.

இங்கே பனி முழங்கால் வரை கிடக்கிறது. நான் வழக்கம்போல ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். சம்பாதிக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

டாக்டரிடம் போ.

நியெவெஸ்


ஈகிள் பாஸ்
பிப்ரவரி 17, 2014

நியெவெஸ்,

சரி, நான்தான். திருப்தியா?

"போ" என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டாய். எப்படிப் போவது? எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஊரெல்லாம் லாரி ஓட்டினவருக்கு வீட்டுக்காரிக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க நேரம் இருந்ததில்லை. அவர் என்னைக் கூட்டிப் போக வேண்டும் என்றால் எதற்கு என்று கேட்பார். அதை எந்த வாயால் அவரிடம் சொல்வது? முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் அந்தச் சமாச்சாரத்தை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. மாதாமாதம் நான் தள்ளிப் படுத்தால் அவர் புரிந்துகொள்வார், அவ்வளவுதான். இங்கே இருக்கிற டாக்டர் எலியாஸோடு கால்பந்து ஆடின பையன். என் சமையலறையில் உட்கார்ந்து தின்றவன். அவன் முன்னால் போய்ப் படுப்பேனா?

இருந்தாலும் போன வாரம் சொல்லிப் பார்த்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எனக்கு உடம்பு சரியில்ல."

"ஏன், பிரஷரா? மாத்திரை போட்டியா?"

"பிரஷர் இல்ல. இது வேற."

"வேறன்னா?" என்றார். பிறகு மேசையைப் பார்த்தார். "மிளகாய் அரைச்சியே, அது எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கெட்ட மனுஷர் இல்லை, உனக்கே தெரியும். கை நீட்டினதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. என்ன கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் கல்லில் தொர்த்தியாவைப் புரட்டிப் புரட்டிப் போடுவேன். சுடச்சுட வேண்டுமே. "உக்காருங்க அத்தை" என்று யெசேனியா சொல்லுவாள், "இதோ" என்பேன். எல்லோரும் எழுந்து போன பிறகு நின்றுகொண்டே மிச்சத்தைச் சாப்பிடுவேன். போன ஞாயிறு அப்படி நிற்கும்போது உள்ளே ஈரமாக இறங்கியது. கூடத்தில் அத்தனை பேர் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஒருவரையும் கூப்பிட முடியவில்லை. பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை பேர் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு தனிமை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஈஸ்டர் முடியட்டும், புதுநன்மை முடியட்டும், பார்க்கலாம். இதை யாரிடமும் சொல்லக் கூடாது. மாதா மேல் ஆணை.

அம்பாரோ


மில்வாக்கி
பிப்ரவரி 22, 2014

அக்கா,

ஆணையை மீறிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே யெசேனியாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். இது உன் கைக்கு வருவதற்குள் அவள் உன் வாசலுக்கு வந்திருப்பாள். என்னைத் திட்டு. செத்தாலும் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல். ஆனால் நீ உயிரோடு இருந்து சொல்ல வேண்டும். அது போதும் எனக்கு.

மாதாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவளும் பெண்தானே.

நியெவெஸ்


ஈகிள் பாஸ்
மார்ச் 12, 2014

நியெவெஸ்,

உன் மேல் வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. என் மருமகளிடமா சொன்னாய்? எவளுடைய சமையலை நான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேனோ அவளிடமா? அவள் வந்து சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு நின்றபோது தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

"அத்தை, செருப்பைப் போடுங்க. டெல் ரியோல ஒரு பொம்பளை டாக்டர் இருக்காங்க. எனக்கு இட்செல் பொறந்தப்ப பார்த்தவங்க. நேரம் வாங்கிட்டேன்."

"அடுப்புல பீன்ஸ் வேகுது."

"அணைச்சிட்டேன்."

"உன் மாமா சாப்பிடணும்."

"ஃபிரிட்ஜ்ல முட்டை இருக்கு. மாமாவுக்குக் கை இருக்கு."

இப்படி என்னிடம் யாரும் பேசினதில்லை. போய்க் காரில் உட்கார்ந்தேன். ஊர் நெருங்கும்போது கோபமாகக் கேட்டேன், "உனக்கு ஏன்டி இந்த வேலை?" அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அத்தை, ரெண்டாவது பிள்ளை கலைஞ்சுபோச்சே, அப்ப நாலாம் நாளே உங்க வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன், ஞாபகம் இருக்கா? உங்களைப் பார்த்துட்டுதான். நீங்க எதுக்கும் படுத்ததில்ல. நான் தலைவலின்னு படுத்தாலே ஏதோ தப்பு பண்ணின மாதிரி இருக்கும். அன்னிக்கு எனக்கு நிக்க முடியல அத்தை. நீங்க ஒரு தடவை 'உக்காரு'ன்னு சொல்லமாட்டீங்களான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

நான் யாரையும் வேலை வாங்கினதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டர் நல்ல பெண். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொல்லிவிட்டுச் செய்தாள். உள்ளிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். வலித்தது. நேற்று முடிவு வந்தது. கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆரம்பம்தான், பரவின மாதிரி தெரியவில்லை, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வீர்கள் என்றாள். சான் அன்டோனியோவில் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு பல வாரம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது.

வீட்டில் யெசேனியாதான் சொன்னாள். எலியாஸ் அழுதான். ஃபிதென்சியோ டிவியை அணைத்தார். "அத்தனை வாரமும் யார் சமைக்கிறது?" என்று கேட்டார். எலியாஸ் கத்தினான், "அப்பா!" அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. கேட்க நினைத்தது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டார்.

புதுநன்மை முடிந்து ஜூனில் செய்துகொள்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. நீ போன் செய்தபோது பின்னால் யாரையோ மைக்கில் கூப்பிடுகிற சத்தம் கேட்டதாம். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது என்கிறாள் யெசேனியா. நீ ஆஸ்பத்திரியில் என்ன செய்துகொண்டிருந்தாய்?

அம்பாரோ


மில்வாக்கி
மார்ச் 18, 2014

அக்கா,

ஜூன் வரைக்கும் காத்திருப்பாயா? அந்த உடுப்பைத் தைக்க நீ மட்டும்தான் ஊசி பிடிக்கத் தெரிந்தவளா? இட்செலுக்கு உடுப்பு வேண்டுமா, பாட்டி வேண்டுமா என்று அவளையே கேள்.

என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். பொய் சொல்லலாம் என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஜனவரி கடைசியில் பஸ் நிறுத்துகிற இடத்தில் உறைபனியில் வழுக்கி விழுந்தேன். கால் முறிந்துவிட்டது. கம்பி வைத்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். வழக்கம்போல பஸ் ஓட்டுகிறேன் என்று உனக்கு எழுதினேனே, அது கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதியது. யெசேனியாவோடு பேசியது, மாவுக்கட்டை மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது.

விழுந்தது பெரிய விஷயம் இல்லை, அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "யாரைக் கூப்பிடட்டும்மா?" நல்ல பெண், கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் யோசித்தேன். வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும். யார் வீட்டு நம்பரும் எனக்குத் தெரியாது. உன் வீட்டு நம்பர் மனப்பாடம். சொல்லவில்லை. "யாரும் வேணாம், நானே பாத்துக்குவேன்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் இருக்கிறேன். மாடி வீடு. பக்கத்துக் கதவுக்காரர் வாரத்துக்கொரு தடவை ரொட்டியும் பாலும் வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். சில நாள் என் குரலை நானே கேட்பதற்காக ரேடியோக்காரனோடு சண்டை போடுகிறேன். புருஷன் என்று இருந்த அவுரேலியோவை விட்டு வந்ததற்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அவனை விட்டு வந்தவள் எதற்குமே யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று நானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நின்றால், "பார்த்தியா, சொன்னோமே" என்பீர்கள் என்று பயம்.

நியெவெஸ்


ஈகிள் பாஸ்
மார்ச் 25, 2014

அடி நியெவெஸ்,

உன் கடிதத்தைப் பின்கட்டில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு உன்னை உரக்கத் திட்டினேன். ஃபிதென்சியோ ஓடி வந்து, "யாரைத் திட்டுற?" என்றார். "என் தங்கச்சியை" என்றேன். "நீதான் அவகூடப் பேசுறதில்லையே" என்றார். "இப்ப பேசுறேன்" என்றேன்.

எனக்குப் புத்தி சொன்னாயே, காலை உடைத்துக்கொண்டு வாயை மூடிக் கிடந்தவளே! அம்மாவைப் பற்றிக் கோவில் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் கத்தினாயே, நீ மட்டும் யார் வயிற்றில் பிறந்தவள்? நான் பீன்ஸ் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீ பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். இதில் யார் யாருக்குப் புத்தி சொல்வது?

நேற்று டெல் ரியோ டாக்டருக்கு நானே போன் செய்தேன். ஜூன் வேண்டாம், சீக்கிரம் வையுங்கள் என்றேன். புனித வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை வைத்திருக்கிறார்கள். உடுப்பில் மிச்சத் தையலை யெசேனியா போடுகிறாள். கோணல்மாணலாகத்தான் வருகிறது. பிரிக்காமல் விட்டிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, நியெவெஸ். இதை எழுதவே கை கூசுகிறது. மயக்க மருந்து கொடுத்த பிறகு கண் திறக்காமல் போய்விட்டால்? கண் திறக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்காக ஒன்று வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. வா.

காலைச் சாக்குச் சொல்லாதே. கூடத்தில் இரண்டு கட்டில் போடச் சொல்லியிருக்கிறேன். நானும் படுக்கத்தான் போகிறேன், நீயும் வந்து படு. "ரெண்டு பேருக்கும் யார் செய்வாங்க?" என்று ஃபிதென்சியோ கேட்டார். யெசேனியா சொன்னாள், "வேலைக்குப் போற நேரம் போக நான் வரேன். மிச்ச நேரத்துக்கு நீங்கதான் மாமா." அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உன் அக்கா
அம்பாரோ


மில்வாக்கி
மார்ச் 31, 2014

அக்கா,

சனிக்கிழமை விமானத்தில் சான் அன்டோனியோ வருகிறேன். என்னை அழைத்துப் போக எலியாஸை வரச் சொல். ஊன்றுகோல் இரண்டு, பெட்டி ஒன்று, வாய் ஒன்று. எல்லாவற்றையும் கொண்டுவருகிறேன்.

நியெவெஸ்


மில்வாக்கி
ஜூன் 2, 2014

அக்கா,

இரண்டு மாதம் உன் பக்கத்துக் கட்டிலில் கிடந்துவிட்டு வந்து சேர்ந்தேன். வீட்டைத் திறந்ததும் ஒரே அமைதி. உன் வீட்டில் அமைதியே இல்லை என்று அலுத்துக்கொண்டேனே, இப்போது காது அதைத்தான் தேடுகிறது. டாக்டர் காலைப் பார்த்தார். பள்ளிக்கூடம் மறுபடி திறக்கும்போது பஸ் ஓட்டலாம் என்கிறார்.

பக்கத்துக் கதவுக்காரர் பெயர் ஸ்டானிஸ்லாவ். இத்தனை நாள் தெரியாது. நேற்று அவர் கதவைத் தட்டினேன். "மாடிப்படி இறங்கப் பயமா இருக்கு, கொஞ்சம் கையைக் குடுங்க" என்றேன். காலைப் பற்றிக் கேட்டார். நானும் கதை கதையாகச் சொன்னேன். மனைவி இறந்த பிறகு யாரும் தன் கதவைத் தட்டினதில்லை என்றார். ஞாயிறு சாப்பிட வருகிறார். உடனே கல்யாணப் பேச்சை ஆரம்பிக்காதே. சாப்பிட மட்டும்தான் வருகிறார்.

உன் மறுசோதனை முடிவு வந்ததா? மாமா என்ன சமைக்கிறார்? எனக்கு எல்லாம் சொல்ல வேண்டும். "பரவாயில்லை" என்று ஒரு வரி எழுதினாயானால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பேன்.

நியெவெஸ்


ஈகிள் பாஸ்
ஜூன் 11, 2014

என் நியெவெஸ்,

முடிவு வந்தது. எடுத்ததோடு சரி, வேறு எங்கும் இல்லை என்றாள் டாக்டர். மூன்று மாதத்துக்கொரு தடவை வந்து காட்ட வேண்டுமாம். மருந்து ஏற்ற வேண்டியதில்லை. யெசேனியா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். திரும்பி வரும்போது வழியில் ஒரு கடையில் நிறுத்தி இரண்டு பேரும் ஐஸ்கிரீம் தின்றோம். அவளைப் படுக்கச் சொல்லவேண்டிய நாளில் நான் சொல்லவில்லை. இப்போது வாரத்தில் ஒரு மதியம் இட்செலை இங்கே விட்டுவிட்டுப் போய்த் தூங்கு என்று சொல்லியிருக்கிறேன். முதல் வாரம் வரவில்லை. இரண்டாம் வாரம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள்.

நீ போன பிறகு உன் கட்டிலை எடுத்துவிடலாமா என்று ஃபிதென்சியோ கேட்டார். இருக்கட்டும் என்றேன். அவர் முட்டை பொரிக்கக் கற்றுக்கொண்டார், சோறு இன்னும் குழைகிறது. இட்செல் அதைக் கஞ்சி என்று கேலி செய்கிறாள். எனக்கும் இன்னும் உடம்பு பழையபடி இல்லை. கொஞ்ச நேரம் நின்றால் வெட்டின இடம் இழுக்கிறது. சில நாள் காரணம் இல்லாமல் அழுகை வருகிறது. எல்லாம் சொல்லச் சொன்னாய், சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை படுத்திருந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு வந்து, நீ படுத்திருந்த கட்டிலின் விளிம்பில் அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"வலிக்குதா?"

முப்பத்தாறு வருஷத்தில் அந்த மனுஷர் இதைக் கேட்டதில்லை. "இல்லங்க" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

"வலிக்குது" என்றேன்.

அவர் மாத்திரையை எடுத்துக் காட்டினார், போட்டாயிற்று என்றேன். தண்ணீர் வேண்டுமா என்றார், வேண்டாம் என்றேன். கையைப் பிசைந்துகொண்டு சுவரைப் பார்த்தார். இனி எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

உன் அக்கா
அம்பாரோ